கோதுமையும் குடலின் உட்சுவரும்

வேர்த்தூவிகள் அழுகிவிட்டால், வயலில் நீரும் உரமும் இருந்தும் பயிர் வெளிறி நிற்பதை விவசாயிகள் அறிவர். சிலருடைய குடலிலும் இத்தகைய கேடு நிகழ்வதுண்டு. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் எண்ணற்றவை உள்ளன. இவற்றைக் குடல் உறிஞ்சிகள் என்பர். உணவின் சத்து இவற்றின் வழியாகவே இரத்தத்திற் சேருகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது; கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுவது இதனாலேயே. பெரும்பாலோர்க்கு இது தீங்கு செய்வதில்லை. பிறவியிலேயே அதற்கேற்ற உடற்கூறு அமைந்தவர்களுள் சிலருக்கு மட்டும், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி குளூட்டனைப் பகையெனக் கருதி எழுந்து, சொந்தக் குடற்சுவரையே தாக்குகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. குழந்தை உண்டும் வளர்வதில்லை, வயிறு உப்பும், பேதி தொடரும். சிலருக்கு வயிற்றுக் கோளாறு ஏதுமின்றி, இரும்புச்சத்து மாத்திரைக்கும் தீராத இரத்த சோகை மட்டுமே தோன்றும்.

இந்நோயை 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ விவரித்தார். எனினும் காரணம் புலப்படவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமைமீது ஐயங்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் பஞ்சம் வந்து, ரொட்டி அரிதாயிற்று. ஊரே மெலிந்தபோது சீலியாக் குழந்தைகள் தேறினர்! ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

நம் நாட்டில் கோதுமை மிகுதியாக உண்ணும் வட மாநிலங்களில் இந்நோய் அதிகம், தெற்கே குறைவு. ஆயினும் ரவை, சேமியா, பரோட்டா, பிஸ்கட்டு என்று நம் இல்லங்களிலும் கோதுமை புகுந்து நெடுநாளாயிற்று. ஐயமிருப்பின் அரசு மருத்துவமனையை நாடுதல் வேண்டும். இரத்தத்தைச் சோதித்து, தேவையாயின் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பர். அதற்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்தலாகாது. குடற்சுவர் ஆறத் தொடங்கி, சோதனையில் நோய் தென்படாமற் போகக்கூடும்.

நோய் உறுதியானால், வாழ்நாள் முழுவதும் இத்தானியங்களை விலக்குவதே சிகிச்சை. விலக்கினால் உறிஞ்சிகள் மீண்டும் வளரும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை யாவும் உண்ணலாம். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. கோதுமை அரைத்த மில்லில் அடுத்து அரைக்கும் கேழ்வரகிலும் அது கலந்துவிடும். அந்தச் சிறிதளவும் குடலுக்குப் பகையே. ஆதலால் அவ்வீட்டுத் தானியத்தைத் தனியே அரைப்பது நலம். "ஒருநாள் தின்றால் என்ன?" என்று பரிவோடு ஊட்டும் பாட்டிமார்க்கும் இதை விளக்கவேண்டும்.

2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா உப்புமா வழங்கும் நாட்கள் உண்டு. இந்நோய் உறுதியான குழந்தை பள்ளியில் இருப்பின், பஞ்சாயத்து உறுப்பினர்கள் சமையற் பொறுப்பாளரிடம் முன்னரே தெரிவித்து, அந்நாட்களில் அக்குழந்தை வீட்டிலிருந்து இட்டிலி கொண்டுவர ஏற்பாடு செய்யலாம்.