கத்துவதற்கு ஒரு சொல் போதுமா?



ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதச் சொன்னால் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள்? புலியைப் பார்த்தவன் 'ஷவுட்' செய்கிறான். சிக்ஸர் அடித்ததும் ரசிகர்கள் 'ஷவுட்' செய்கிறார்கள். பசித்த குழந்தையும் 'ஷவுட்' செய்கிறது. பாவம், அந்த ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்?

தமிழில் பேசும்போது நீங்கள் இப்படிச் செய்வதில்லையே! பயந்தவன் அலறுகிறான். தேள் கொட்டியவள் வீறிட்டுக் கத்துகிறாள். காய்கறிக்காரர் கூவி விற்கிறார். சிங்கம் கர்ஜிக்கிறது. துக்கத்தில் இருப்பவர் கதறுகிறார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷவுட்: சத்தமாகச் சொல்வது. கோபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தூரத்தில் நிற்பவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தினாலும் ஷவுட்தான்.

யெல்: இது ஷவுட்டின் தம்பி. கொஞ்சம் முரட்டுத் தம்பி! கோபம், வலி, உற்சாகம் எதுவானாலும் சட்டென்று வெடித்து வரும் சத்தம். இந்தச் சொல்லுக்கு ஓர் இனிமையான உறவு உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'பாடு' என்று பொருள் தந்த ஒரு சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. 'இரவில் பாடுவது' என்னும் பொருளுள்ள நைட்டிங்கேல் பறவையின் பெயரில் அந்தப் பாட்டுச் சொல் இன்றும் ஒளிந்திருக்கிறது.

ஸ்கிரீம்: உச்சக் குரலில் அலறுவது. பயத்தாலும் வரும், வலியாலும் வரும், ராட்டினத்தில் சுற்றும்போது மகிழ்ச்சியாலும் வரும். இதில் வார்த்தைகள் இருக்கவேண்டும் என்பதில்லை.

ஷ்ரீக்: வீறிடுவது. காதைக் கிழிக்கும் கீச்சுக் குரல். நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் முங்க் 1893-இல் ஓர் ஓவியம் வரைந்தார். சிவந்த வானத்தின் கீழே, முகத்தின் இருபுறமும் கைகளை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கும் உருவம் அது. ஆங்கிலத்தில் அதை 'த ஸ்கிரீம்' என்கிறார்கள். நார்வே மொழியில் அதன் பெயர் 'ஸ்க்ரீக்'. இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். ஷ்ரீக் என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் என்று புரிகிறதா?

ரோர், பெல்லோ: இரண்டும் அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த சத்தம். ரோர் சிங்கத்துக்கு உரியது. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆரவாரம் செய்தாலும் ரோர்தான். பெல்லோ என்பது காளையின் சத்தம். கனத்த குரலில் ஒருவர் அதட்டினால் அவருக்கும் அதே சொல்.

ஹவுல்: ஓநாயும் நாயும் ஊளையிடுவது. வலி தாங்காமல் ஒருவர் நீட்டி முழங்கி அலறினாலும், ஜன்னல் இடுக்கில் புயல்காற்று ஊளையிட்டாலும் ஹவுல் என்று எழுதலாம்.

வெய்ல், பால்: வெய்ல் என்றால் துக்கத்தில் ஓலமிடுவது. ஆம்புலன்ஸ் சைரன் ஒலிப்பதையும் இப்படிச் சொல்வார்கள். பால் என்றால் சிறு குழந்தைபோல் பெரிதாகச் சத்தம் போட்டு அழுவது. இதற்கும் பந்துக்கும் உச்சரிப்பு ஒன்றே. எழுத்துதான் வேறு: பி-ஏ-டபிள்யூ-எல்.

எக்ஸ்கிளெய்ம்: வியப்பிலோ மகிழ்ச்சியிலோ திடீரென்று கூவுவது. லத்தீன் மொழியில் 'கூவு' என்னும் பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது. ஆச்சரியக்குறிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று நினைத்துப் பாருங்கள். அதே குடும்பம்!

சரி, இப்போது மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, 'க்ரை'. இதற்கு அழுவது என்ற பொருள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். "லுக்! க்ரைட் த பாய்" என்று கதையில் வந்தால் பையன் அழவில்லை. "அதோ பார்!" என்று கூவினான், அவ்வளவுதான். இது தெரியாமல் படித்தால், கதையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் "ஐயோ பாவம்" என்று வருத்தப்படுவீர்கள்!

இரண்டாவது, 'ஷவுட் அட்', 'ஷவுட் டு'. பார்க்கச் சின்ன வித்தியாசம். பொருளிலோ பெரிய வித்தியாசம். 'அட்' வந்தால் கோபத்தில் ஒருவரைப் பார்த்துக் கத்துவது. 'டு' வந்தால் அவருக்குக் கேட்கவேண்டும் என்று குரல் கொடுப்பது. பந்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'த்ரோ டு' என்றால் ஒருவர் பிடிப்பதற்காகப் போடுவது. 'த்ரோ அட்' என்றால் அவர்மேல் படும்படி எறிவது!

நீங்கள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டீர்கள். அப்பா வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுகிறார். இதை எழுதும்போது 'டு' போடவேண்டிய இடத்தில் 'அட்' போட்டுவிட்டால் என்ன ஆகும்? உங்கள் பசியை நினைத்துக் குரல் கொடுத்த அப்பா, தெருவில் வைத்து உங்களைத் திட்டியவர் ஆகிவிடுவார். விடைத்தாளில் போனால் அரை மதிப்பெண். படிப்பவர் மனதில் அப்பாவின் நல்ல பெயரே போய்விடுகிறதே! சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

ஒரு கொசுறுத் தகவல்: பள்ளியில் ஸ்லோகன் எழுதும் போட்டி வைப்பார்கள் அல்லவா? அந்தச் சொல் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் 'படையின் முழக்கம்'. போர்க்களத்தில் வீரர்கள் எழுப்பிய கூக்குரல்தான் இன்று சோப்பு விளம்பரம் வரை வந்திருக்கிறது!

இப்போது உங்களுக்கு ஒரு குட்டிப் பயிற்சி. எந்தச் சொல் பொருந்தும்?

1. ஐஸ்கிரீம் கேட்டுத் தம்பி ஊரைக் கூட்டி அழுகிறான்.
2. நள்ளிரவில் தெருநாய்கள் ஊளையிட்டன.
3. இறுதிப் பந்தில் வெற்றி! மைதானமே ஆரவாரித்தது.
4. ஆற்றின் அக்கரையில் நிற்கும் நண்பனுக்குக் கேட்கும்படி, "நாளை லீவு!" என்று கத்தினேன்.

அடுத்த முறை ஆங்கிலத்தில் கதை எழுதும்போது 'ஷவுட்' என்று பேனா ஓடினால் ஒரு நொடி நிறுத்துங்கள். கத்துபவர் யார், ஏன் கத்துகிறார் என்று உங்களையே கேளுங்கள். பொருத்தமான சொல் தானாக வந்து நிற்கும்.

விடைகள்: 1. பால் 2. ஹவுல் 3. ரோர் 4. ஷவுட் டு