ஒரு குத்துக்குள் எத்தனை வேலை

சாயங்காலம் ஆறரை மணிக்கு நவி மும்பையின் நெருளில் செக்டார் செக்டாராக நடந்தால், ஏதாவது ஒரு சொசைட்டி வளாகத்தில் 'இச்சி, நி, சான், சி' என்று ஜப்பானிய மொழியில் எண்ணுவது காதில் விழும். வெள்ளை உடுப்பில் கராத்தே பழகும் பிள்ளைகள் வரிசையாக நின்று வெறும் காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் பாட்டிலோடு காத்திருக்கும் அம்மாக்களில் ஒருவராவது பொறுமை இழப்பார்: "மூணு மாசமா இதையேதான் பண்றான். சண்டை எப்ப சார் சொல்லித் தருவீங்க?"

நியாயமான கேள்விதான். அந்தக் குத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

குத்து தோளில் பிறப்பதில்லை. பின்னங்கால் குதிகால் தரையை அழுத்த, அந்த உந்தல் முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. இடுப்பு திரும்பிய பிறகே தோள், பிறகு முழங்கை, கடைசியில் முஷ்டி. ஈரத் துண்டை உதறினால் நுனியில் 'சடார்' என்று வருமே, அந்தக் கணக்குதான். ஒரு கை முன்னே பாயும்போது மறு கை விலாவை ஒட்டிப் பின்னுக்கு இழுபடும். இடுப்பின் சுழற்சிக்கு அது துணை. இலக்கைத் தொடும் தறுவாயில்தான் முஷ்டி புரண்டு உள்ளங்கைப் பக்கம் கீழே வரும். படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்கள் மட்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் முறிவது நம் எலும்பாக இருக்கலாம். 'கியாய்' என்ற கத்தலும் வெறும் மிரட்டல் அல்ல. மூச்சு வெளியேறி வயிறு இறுக அது ஒரு வழி.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்ற ரொனால்ட் மெக்நேர், கராத்தேயில் கறுப்புப் பட்டைக்காரர். அவரும் மைக்கேல் ஃபெல்டு, ஸ்டீபன் வில்க் ஆகியோரும் 1979 ஏப்ரலில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கராத்தேயின் இயற்பியலை எழுதினார்கள். கை முழுக்க நீண்டபோது அல்ல, ஏறத்தாழ முக்கால் பங்கு நீண்டபோதே அதன் வேகம் உச்சத்தைத் தொடுகிறதாம். பலகையைக் குறிவைக்காதே, பலகைக்குப் பின்னால் குறிவை என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

2012இல் வெளியான லண்டன் ஆய்வு இன்னும் சுவையானது. கறுப்புப் பட்டைக்காரர் 12 பேரையும், அதே வயதுள்ள, உடற்பயிற்சிப் பழக்கமுள்ள வேறு 12 பேரையும் வெறும் 5 செ.மீ. தூரத்திலிருந்து குத்தச் சொன்னார்கள். தசைபலத்தில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்று; குத்து மட்டும் பட்டைக்காரர்களுடையதே வலிமையானது. அவர்களுடைய தோளும் மணிக்கட்டும் உச்ச வேகத்தை அடையும் நேரம் துல்லியமாக இசைந்திருந்தது. சிறுமூளையில் நரம்பிழைகள் அடங்கிய வெண்பொருளிலும் வித்தியாசம் தெரிந்தது. எந்த வயதில் தொடங்கினார்கள், எத்தனை ஆண்டு பழகினார்கள் என்பதோடு அது ஒத்துப்போனது. ஆக, அலுப்பூட்டும் அந்த எண்ணிக்கையில் பழகுவது கைக்கு நிகராக மூளையும்தான்.

மூளை சரி. ஆனால் மனம், ஆன்மா என்ற பெரிய சொற்களைச் சுவரில் எழுதி வைக்கும் வகுப்புகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அவை உண்மையிலேயே பழகப்படும் இடத்தைக் காண வேண்டுமானால், கராத்தேயின் கோஜு-ரியு பிரிவில் உள்ள 'சாஞ்சின்' காத்தாவை, அதாவது வரிசை மாறாத அசைவுத் தொடரைப் பாருங்கள். காலை உள்வளைவாக நகர்த்திச் சில அடிகள், சத்தமாக இழுத்துவிடும் மூச்சு, அவ்வளவே. இடையில் ஆசிரியர் தோளிலும் தொடையிலும் பளீர் பளீரென்று தட்டிப் பார்ப்பார். எங்காவது இறுக்கம் தளர்ந்தாலோ, அடியை எதிர்பார்த்து மூச்சு தடுமாறினாலோ உடனே தெரிந்துவிடும். கவனம் கலைந்ததை உடம்பு மறைக்காது.

இது நம் சொசைட்டி வளாகம் வரை வந்த கதையும் உண்டு. ஜப்பானின் ஒக்கினாவா தீவில் ரகசியமாகக் கற்கப்பட்ட கராத்தேயை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இதோசு அங்கோ. அவரிடம் பயின்ற ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் அதைச் செய்துகாட்டினார். மும்பையில் அதைப் பரப்பியவர்களில் முன்னோடி பர்வேஸ் மிஸ்திரி. தமிழ்நாட்டில் சினிமா வழியாக வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் 'கராத்தே' மணி.

பட்டை முறையோ ஜூடோவிலிருந்து வந்தது. ஃபுனாகோஷி முதல் கறுப்புப் பட்டைகளை வழங்கியதே 1924இல்தான். இன்று பல வகுப்புகளில் சில மாதங்களுக்கு ஒரு தேர்வு, அதற்கொரு கட்டணம், புதிய நிறம். பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் ஓரமாக நின்று, ஆசிரியர் எதைத் திருத்துகிறார் என்று பாருங்கள். முஷ்டியை விட்டுவிட்டுக் குனிந்து பின்னங்கால் குதிகாலைச் சரிசெய்கிறார் என்றால், கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் சேர்த்துவிடலாம்.