பெயர் தெரியும், நம்பர் தெரியாது!

கம்பெனி டைரக்டரி செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆனால் தேடுகிற ஆள் அகப்படுகிறாரா?

உலகத்தில் முதன்முதலாக வெளியான டெலிபோன் டைரக்டரி ஒரு புஸ்தகமல்ல. ஒரே ஓர் அட்டை. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற நகரத்தில் 1878-ம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி அது வெளிவந்தது. மொத்தம் 50 பெயர்கள். டாக்டர்கள், பல் வைத்தியர்கள், போலீஸ், தபாலாபீஸ், கடைகள் என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். ஆனால் ஒரு பெயருக்கு எதிரிலாவது நம்பர் கிடையாது. நம்பர் எதற்கு? டெலிபோனைக் கையில் எடுத்து இன்னார் வேண்டும் என்று சொன்னால் போதும். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரிலுள்ள சந்தாதாரர்கள் அத்தனை பேரையும் தெரியும்.

இந்த ஏற்பாட்டிலுள்ள ஆபத்தை மறு வருஷமே ஒரு டாக்டர் கண்டுகொண்டார். 1879-ல் லோவெல் என்ற ஊரில் தட்டம்மை பரவிற்று. அவ்வூர் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள் 4 பேர். சந்தாதாரர்களோ 200-க்கு மேல். இந்த நாலு பேரும் படுத்துவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு யார் எந்த லயனில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிடுங்கள் என்று பார்க்கர் என்ற அந்த டாக்டர் யோசனை சொன்னார். மனிதர்களுக்கு நம்பர் போட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று கம்பெனிக்காரர்கள் தயங்கினார்களாம். சந்தாதாரர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் 1882 ஜனவரி 28-ந் தேதி எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. நாளடைவில் டெலிபோனும் நம்பரும் பிரிக்க முடியாதவையாகிவிட்டன.

ஊருக்கு நடந்த கதை பிற்பாடு ஒவ்வொரு பெரிய கம்பெனிக்குள்ளும் நடந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதில் ஒரு போர்டு. அதன் முன்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓர் அம்மாள். குடோன் கணக்கப்பிள்ளை சாப்பாட்டுக்குப் போயிருக்கிறாரா, பெரிய மானேஜர் யாருக்கு 'இல்லை' என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் வெளிச்சம். அவர் லீவு போட்ட அன்று கம்பெனிக்கே வாயடைத்துவிடும். மற்றவர்களுக்கு இருந்ததெல்லாம் மேஜைக் கண்ணாடியின் அடியில் செருகி வைத்த டைப் அடித்த ஜாபிதா. அதில் பாதிப் பெயர்களைப் பென்சிலால் அடித்துத் திருத்தியிருப்பார்கள்.

அந்தப் போர்டும் அந்த அம்மாளும் அநேகமாக மறைந்துவிட்டார்கள். ஜாபிதா மறையவில்லை, கம்ப்யூட்டருக்குள் போய், அங்கிருந்து சிப்பந்திகளின் சட்டைப் பையிலுள்ள செல்போனுக்கு வந்திருக்கிறது.

கேட்டால் சொல்லும்

இதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகத்திலுள்ள ஸ்தாபனங்களின் டைரக்டரிகள் எல்லாம் ஒரே மாதிரி அமைய வேண்டுமென்று 1988-ல் சர்வதேசத் தந்தி டெலிபோன் கமிட்டி 'எக்ஸ் 500' என்ற விதிகளை வகுத்தது. விதிகள் நேர்த்தியானவை, ஆனால் சின்னக் கம்ப்யூட்டர்களால் அவற்றின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. 1993-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டிம் ஹவுஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து பாரத்தைக் குறைத்து, 'எல்டாப்' என்ற எளிய முறையை வெளியிட்டார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டரிடம் ஒரு பெயரைச் சொல்லி விவரம் கேட்பதற்கு உலகமெங்கும் பரவிய பாஷை அதுதான். செல்போனில் இந்த வசதியை முதலில் பெரிதாகக் கொண்டுவந்தவர்களில் பிளாக்பெரிக்காரர்கள் முக்கியமானவர்கள். அந்தப் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ந் தேதியோடு நின்றுபோயிற்று. ஐபோனுக்கு 2008 ஜூலையில் இது வந்தது. இன்று ஆண்ட்ராய்டு போன்களிலும் சர்வசாதாரணம்.

வேலை நடக்கும் விதம் வேடிக்கையானது. ஒரு பாங்கியின் திருச்சிக் கிளையில் இருப்பவர் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமை ஆபீஸில் பென்ஷன் இலாகாவிலுள்ள ஒருவருடன் அவசரமாகப் பேச வேண்டும். பெயர் தெரியும், நம்பர் தெரியாது. கம்பெனிக் கணக்கு ஏற்கெனவே அவருடைய போனில் பதிவாகியிருக்கிறது. விலாசப் பகுதியைத் திறந்து, கம்பெனி ஜாபிதாவைத் தேர்ந்தெடுத்து, மூன்று நாலு எழுத்துக்களைத் தட்டுகிறார். கேள்வி கம்பெனிக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கேட்பவர் நம் ஆள்தானா என்று அது முதலில் பார்த்துக்கொள்கிறது. பிறகு, பொருந்துகிற பெயர்களை மட்டும் பதவி, கிளை, டெலிபோன் நம்பருடன் திருப்பி அனுப்புகிறது. விரலால் தொட்டால் மணி அடிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, முழு ஜாபிதாவும் போனுக்குள் வருவதில்லை என்பதே. பத்தாயிரம் பேர் வேலை செய்கிற ஸ்தாபனமாக இருந்தாலும் கேட்ட பெயர்கள் மட்டுமே வந்து நிற்கும். போன் தொலைந்தால் டைரக்டரி தொலைவதில்லை. காலையில் ஒருவர் மாற்றலாகிப் போய் அதை உடனே பதிந்துவிட்டால், மத்தியானம் தேடுகிறவருக்குப் புது இடமே தெரியும்.

அசௌகரியங்களும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் கேள்வியும் போகாது, பதிலும் வராது. இன்னொன்று, நேற்று தேடிப் பிடித்துப் பேசிய ஆள் இன்று அவராகவே கூப்பிட்டால், பல போன்களில் வெறும் நம்பர்தான் தெரியும். அவர் பெயரை எடுத்துச் சொந்த விலாச ஜாபிதாவில் சேமித்திருந்தால்தான் பெயர் வரும். ஆகையால் எல்லோரும் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிரதி அன்றோடு பழசாக ஆரம்பித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, போனில் புதிதாக இறக்குகிற ஏதோ ஒரு விளையாட்டு உங்கள் விலாசங்களைப் பார்க்கலாமா என்று கேட்கும். யோசிக்காமல் 'சரி' என்று தட்டினால் கம்பெனி ஆட்களின் நம்பர்களும் சேர்ந்து போய்விடும்.

அப்பா பெயரில் வந்த வினை

தமிழ்நாட்டுச் சிப்பந்திகளுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை. 1988-ல் விதிகளை எழுதியவர்கள், மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவனுக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருக்குமென்று வைத்துக்கொண்டார்கள். ஆளைப் பதிவதற்கான அந்த நமூனாவில் பதவியை விடலாம், டெலிபோன் நம்பரைக்கூட விடலாம். குடும்பப் பெயரை விட முடியாது. எல்டாப் முறையும் அந்த நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டது.

நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. முருகனுடைய பெண் கவிதா, எம். கவிதா. வேலைக்குச் சேருகிற அன்று நமூனாவை நிரப்புகிற குமாஸ்தா குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஒன்று 'எம்' என்று போடுகிறார், அல்லது அப்பா பெயரை முழுசாக எழுதிவிடுகிறார். எழுத்தை மட்டும் போட்டால், குடும்பப் பெயர் வரிசையில் எம், எஸ், ஆர் என்று பிரம்மாண்டமான குடும்பங்கள் உண்டாகிவிடுகின்றன. அப்பா பெயரைப் போட்டாலோ, வெளிநாட்டுக் கிளையிலிருந்து "மிஸ்டர் முருகன் இருக்கிறாரா?" என்று போன் வருகிறது. ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் முருகனுக்கு அந்தக் கம்பெனியின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது! கல்யாணமான பிறகு அப்பா எழுத்தை விட்டுக் கணவர் எழுத்துக்கு மாறிய பெண்களை, பழைய பெயரில் தேடுகிறவரும் புதுப் பெயரில் தேடுகிறவரும் சேர்ந்து தொலைத்துவிடுகிறார்கள்.

அதற்கடுத்தது எழுத்துக்கூட்டு. இந்தத் தேடும் முறைகள் பெரும்பாலும் பெயரின் ஆரம்ப எழுத்துக்களை வைத்தே தேடுகின்றன. கடைசியில் 'யன்' என்றிருந்தால் என்ன, 'யம்' என்றிருந்தால் என்ன, சுப்பிரமணியன் தப்பித்துக்கொள்வார். ஆனால் தமிழரசி என்று இங்கிலீஷில் எழுதும்போது முதலில் வெறும் 'டி'யா, 'டி'யும் 'எச்'சுமா? இளங்கோ 'இ'யில் ஆரம்பிப்பாரா, 'ஐ'யிலா? சந்திரன் 'ஸி'யா, 'எஸ்'ஸா? ஞானசேகரனுக்கு 'ஜி' போடுகிறவர்களும் உண்டு, 'என்' போடுகிறவர்களும் உண்டு. பழனி மூன்றாவது எழுத்திலேயே 'எல்' பக்கம் ஒன்றாகவும் 'இஸட்' பக்கம் ஒன்றாகவும் பிரிந்துவிடுகிறார். ஓர் எழுத்து பிசகினால் போதும்: அப்படி யாரும் இல்லை என்று யந்திரம் கூசாமல் சொல்லிவிடும். தேடப்பட்டவரோ பக்கத்து அறையில் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1997-ல் வெளியான எல்டாப்பின் மூன்றாவது பதிப்பு உலக மொழிகளின் எழுத்துக்களையெல்லாம் ஏற்றுக்கொள்கிறது. தமிழிலேயே பெயரைப் பதிந்து, தமிழிலேயே தேட வழி செய்யலாம். இங்கிலீஷ் பெயருடன் வேறு எழுத்துக்கூட்டுக்களையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து வைக்கலாம். செலவு கொஞ்சம்தான், அக்கறைதான் வேண்டும். தமிழர்களே ஆயிரக்கணக்கில் வேலை செய்கிற ஸ்தாபனம்கூட 'கடைசிப் பெயர்' கட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது விசித்திரம்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கு

ஆபீஸ் நேரத்தில் ஆள் அகப்படாவிட்டால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் குழாய் கசிந்தால் விஷயம் வேறு. அதை முதலில் மோப்பம் பிடிப்பவர் அநேகமாக வாட்ச்மேன், அல்லது கான்டிராக்ட் தொழிலாளி. கம்பெனி டைரக்டரியோ பெரும்பாலும் மின்னஞ்சல் கணக்கு உள்ளவர்களை வைத்தே அமைகிறது. கான்டிராக்ட் ஆளுக்குக் கணக்குக் கிடையாது. ஆகவே அவரால் டைரக்டரியைத் தேடவும் முடியாது. மற்றவர்கள் தேடினால் அதில் அவர் அகப்படவும் மாட்டார்.

ஷிப்டு என்ஜினீயருக்குக் கணக்கு உண்டு. அவர் தேடுகிறார், பாதுகாப்பு அதிகாரியின் பெயர் வருகிறது. அந்த அதிகாரி ரிடையராகி எத்தனையோ நாளாகியிருந்தால்? பெயரை நீக்கியிருக்க வேண்டியது சிப்பந்தி இலாகா என்று கம்ப்யூட்டர் இலாகா சொல்லும்; கம்ப்யூட்டர் இலாகா என்று சிப்பந்தி இலாகா சொல்லும். சம்பளப் பட்டியலில் மட்டும் இந்தத் தகராறு வருவதேயில்லை. வேலையை விட்டுப் போனவருக்கு யாரும் மாதம் தவறாமல் சம்பளம் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. ஒழுங்காக நடக்கிற இடங்களில் சிப்பந்திப் பதிவேட்டையே மூலமாக வைத்து, அதில் செய்கிற மாறுதல் டைரக்டரிக்குத் தானாகப் போகும்படி இணைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதை ஏனோ பலர் கையாளுவதில்லை. ஆளின் பெயரைப் போலவே பதவியின் பெயரையும் தனிப் பதிவாக வைக்க 1988-ம் வருஷத்து விதிகளிலேயே இடமிருக்கிறது. 'இரவுப் பாதுகாப்பு அதிகாரி' என்று தேடினால், இன்றைக்கு அந்தப் பொறுப்பில் இருப்பவர் யாரோ அவருடைய மணி அடிக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவனுக்கு அதிகாரியின் பெயரும் எழுத்துக்கூட்டும் எங்கே ஞாபகம் வரப்போகிறது? கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற வேளைக்காக, வாட்ச்மேன் அறைச் சுவரில் தேதி போட்ட ஒரு காகிதமும் தொங்கத்தான் வேண்டும்.

திருடனுக்கும் அதே ஜாபிதா

எந்த இலாகாவில் யார், அவருக்கு மேலதிகாரி யார் என்ற விவரம் சிப்பந்திக்கு எவ்வளவு உபயோகமோ, மோசக்காரனுக்கும் அவ்வளவு உபயோகம். 2020 ஜூலை 15-ந் தேதி ட்விட்டரில் நடந்த மோசடி ஓர் உதாரணம். (2023 முதல் அதற்கு எக்ஸ் என்று பெயர்.) கம்பெனியின் கம்ப்யூட்டர் உதவி இலாகாவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, சிப்பந்திகள் சிலருக்குப் போன் செய்து, நயமாகப் பேசி அவர்களுடைய சங்கேதச் சொற்களைக் கறந்துவிட்டார்கள். ஒபாமா, பில் கேட்ஸ் போன்றவர்களின் கணக்குகளுக்குள் புகுந்து, அவர்கள் பேரால் ஜனங்களிடம் லட்சம் டாலருக்கு மேல் பறித்தார்கள். விசாரித்துப் பார்த்ததில் முக்கியக் குற்றவாளிக்கு வயது 17!

இப்படிப்பட்ட போன் வந்தால் வைத்துவிட்டு, கம்பெனி டைரக்டரியில் அந்த ஆளைத் தேடி, அங்கே கிடைக்கும் நம்பருக்குத் தாமே கூப்பிடுவது நல்லது. வந்த நம்பருக்கே திருப்பிக் கூப்பிடுவதில் பிரயோஜனமில்லை. எடுப்பவனும் அதே ஆசாமிதான். பெயர் டைரக்டரியிலேயே இல்லையென்றால் மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

போனே களவு போனால், கம்ப்யூட்டர் இலாகாவுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். தகுந்த ஏற்பாடு செய்திருக்கிற கம்பெனிகளில், இருந்த இடத்திலிருந்தே அந்தப் போனிலுள்ள கம்பெனிக் கணக்கை அழித்துவிடுவார்கள். ஆனால் அந்த இலாகாவின் நம்பர் எங்கே இருக்கிறது? களவு போன போனில்! அந்த ஒரு நம்பரை மட்டுமாவது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளலாம். பர்ஸும் போனும் ஒரே பையில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.