வெள்ளத்தின் வேகம் சொல்லும் வீடியோ

2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டதும், மேல்பட்டாம்பாக்கம் பக்கமாக ஓடும் தென்பெண்ணை கரைபுரண்டது. அந்த வேகத்தில் ஆற்றுக்குள் கருவியை இறக்கி அளக்க யாருக்குத் துணிவு வரும்?

இறக்கவே வேண்டாம். நுரையும் சருகும் மிதந்து போவதைப் பாலத்திலிருந்து வீடியோ எடுத்தால் போதும். அடுத்தடுத்த படங்களில் அவை நகர்ந்த தூரத்தைக் கணினி ஒப்பிட்டு, மேற்பரப்பு நீரின் வேகத்தைச் சொல்லிவிடும். ஜப்பானின் இச்சிரோ புஜிதா உள்ளிட்ட பொறியாளர்கள் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. ஓடும் நீரின் மொத்த அளவை அறிய, ஆழத்தை மட்டும் தனியே அளந்தாக வேண்டும்.

ஆய்வகத்தில் சருகுக்குப் பதில் நுண்துகள்கள். தகடுபோல விரித்த லேசர் ஒளியை, சில மைக்ரோ வினாடி இடைவெளியில்கூட, இருமுறை பாய்ச்சிப் படமெடுக்கிறார்கள். துகள் கனமாக இருந்தால் ஓட்டத்தோடு போகாமல் ஏமாற்றிவிடும். சரியான துகளைத் தேர்ந்தெடுப்பதே பெரும் பாடு.

துகளே தேவைப்படாத வழியும் உண்டு. ஆகஸ்ட் டோப்லர் 1864இல் வகுத்த ஷ்லீரன் முறையில், அடர்த்தி மாறும் காற்று ஒளியை வளைப்பதே படமாகிறது. பறக்கும் துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அலையை எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் 1886இல் இப்படித்தான் பிடித்தார்கள்.