முதலில் ஏர்கோன், பிறகு சூரியத் தகடு

பண்டமாரானில் குடியிருந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் அலுவலகக் கட்டடங்களில் ஏர்கோன் பராமரிப்பவன் நான். கரிம உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்றதும் உரிமையாளர்கள் கூரைக்குச் சூரியத் தகடு விலை கேட்கிறார்கள். நான் அவர்களைக் குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் அறைக்கு அழைத்துப் போகிறேன். நம் வெப்பத்தில் கட்டடத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு குளிரூட்டலுக்கே போகிறது. அந்த மின்சாரமோ பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது. காப்பார் நிலக்கரி மின்நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

குறைக்க முடியும் என்பதற்குப் புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடமே சாட்சி. 2010இல் கட்டி முடிந்த அதன் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால், மேல்தளம் கீழ்த்தளத்துக்கு நிழல் தருகிறது. கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் இரவில் குளிர்நீர் ஓடும். அந்தக் குளிர்ச்சி பகலில் மெல்ல வெளிப்படும். சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 65 கிலோவாட் மணி அதற்குப் போதும். வழக்கமான அலுவலகங்கள் 200க்கு மேல் இழுக்கின்றன.

பழைய கட்டடத்தின் சுவரைச் சாய்க்க முடியாதுதான். ஆனால் தளவாரியாக மின்சாரத்தை அளக்கலாம். வெப்பநிலையை 24 பாகைக்குக் கீழே இறக்காமல் வைக்கலாம். கண்டென்சர் குழாய்க்குள் மெல்லிய சுண்ணப்படிவு இருந்தாலே வெப்பம் வெளியேறத் திணறும், மின்சாரம் கூடும், அதைத் துலக்கலாம். தேய்ந்த சில்லரை மாற்றுவதும் சூரியத் தகடும் அதற்குப் பிறகு.

2025 ஜனவரி 1 முதல் புதிய எரிசக்திச் சட்டம் நடப்பில் உள்ளது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்கள் எரிசக்தித் தர முத்திரை பெற வேண்டும். உரிமையாளர்களே, அபராதத்துக்கு அஞ்சி அல்ல, பிள்ளைகளின் காற்றுக்காக இன்றே அளக்கத் தொடங்குங்கள்.