26 அடி இரும்புப் படகுக்கு எந்தப் பாய்மரம்?

ஆம்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு பாய்மரப் படகு பத்தி எபிசோடான்னு சிரிக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. நம்ம கேட்பவர் ஒருத்தர், ராணிப்பேட்டைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப் வச்சிருக்கிற அண்ணன், 26 அடி ஸ்டீல் படகு ஒண்ணை ஸ்கிராப் விலைக்கு வாங்கியிருக்கார். துருப்பிடிச்ச தகட்டையெல்லாம் மாத்தியாச்சு. ஆனா மேல பாய்மரம் கிடையாது. சென்னையிலிருந்து அந்தமானுக்கு மகனோட போகணுங்கிறது அவர் ஆசை. அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல திறந்த கடல். நடுவுல மரம் விழுந்தா பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. அதனால இந்தக் கேள்வியை விளையாட்டா எடுத்துக்க முடியாது.

அவர் மனசுல இருக்கிறது கெட்ச். பெரிய மரம் ஒண்ணு, அதுக்குப் பின்னாடி சின்ன மரம் ஒண்ணு. காரணம் பெர்னார் முவாதெசியேவோட 'ஜோஷுவா'. 1962ல பிரான்ஸ்ல, கடலே இல்லாத ஷோஃபாய்ங்கிற ஊர்ல, பாய்லர் செய்யற பட்டறையில உருவான படகு அது. (ராணிப்பேட்டைக்காரருக்கு ஏன் பிடிச்சதுன்னு இப்ப புரியுதா?) ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், இரும்பு உடம்பு. மரம் வாங்கக் காசில்லாம தந்திக் கம்பத்தையே பாய்மரமா நட்டாங்க. 1982 டிசம்பர்ல மெக்சிகோவோட காபோ சான் லூகாஸ் கரையில புயல் அதைத் தூக்கி மணல்ல வீசிடுச்சு. மரங்கள் போயிடுச்சு, உடம்பு நசுங்கினாலும் பிழைச்சது. வேற ரெண்டு இளைஞர்கள் அதைச் சொற்பக் காசுக்கு வாங்கிச் சரிபண்ணினாங்க. இப்ப அது லா ரோஷெல் கடல் அருங்காட்சியகத்துல இருக்கு. இரும்புப் படகை மீட்கலாங்கிறதுக்கு அதைவிடச் சாட்சி வேணாம்.

ஆனா கெட்ச் விஷயத்துல எனக்கு அண்ணனோட உடன்பாடில்லை. 12 மீட்டர் படகுல ஒத்தைப் பாய் ரொம்பப் பெரிசாயிடும், தனியாளா இறக்கறது கஷ்டம். அதனால ரெண்டாப் பிரிச்சாங்க. 26 அடியில பெரிய பாயே 15 சதுர மீட்டர் சுமார்தான் வரும். அதை ஒரு ஆள் கையாளலாம். அதைப் பிரிச்சா ரெண்டு மடங்கு வயர், ரெண்டு மடங்கு ஃபிட்டிங், பின்பக்கம் நிக்க இடமும் போச்சு.

'ஒரு மரம் போனா இன்னொண்ணு இருக்குமே'ன்னு ஒரு வாதம் உண்டு. 2018 செப்டம்பர் 21 அன்னிக்குத் தென் இந்தியப் பெருங்கடல்ல நடந்ததைப் பாருங்க. கோல்டன் குளோப் ரேஸ்ல நம்ம கமாண்டர் அபிலாஷ் டோமியோட 'துரியா' புயல்ல உருண்டு ரெண்டு மரமும் உடைஞ்சது. அவருக்கு முதுகெலும்புல பலத்த அடி, அசைய முடியலை. மூணு நாள் கழிச்சு ஒசிரிஸ்ங்கிற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்து மீட்டது. அதே புயல்ல அயர்லாந்தின் கிரெகர் மெகுகினோட படகுக்கும் ரெண்டு மரமும் போச்சு. ரெண்டும் கெட்ச். படகே உருளும்போது மரத்தோட எண்ணிக்கை காப்பாத்தாது. அந்தப் போட்டியில ஜெயிச்ச 73 வயசு ஜான் லுக் வான் டென் ஹீட், ஒத்தை மரப் படகுல, மரத்தையும் குட்டையாக்கிட்டுத்தான் கிளம்பினார். எனக்கு அதுதான் பாடமாப் படுது.

இப்ப கணக்கு. சாஃப்ட்வேர்காரன் சொல்றேன், சரிபார்த்துக்குங்க. காத்து பாயைத் தள்ளுது, படகு நிமிரப் பார்க்குது. படகு எவ்வளவு பிடிவாதமா நிமிருதோ அவ்வளவு சுமை பக்கவாட்டு வயர்ல ஏறும். அதனால வயர் சைஸைப் பாயோட அளவு மட்டும் வச்சுத் தீர்மானிக்கக் கூடாது. அமைதியான தண்ணியில படகை மிதக்கவிட்டு, 75 கிலோ ஆள் நாலு பேரை நடுக்கோட்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஓரத்துல நிறுத்துங்க. அது 360 கிலோ-மீட்டர். 10 டிகிரி சாஞ்சதுன்னா, ஒரு டிகிரிக்கு 36. 30 டிகிரிக்குத் தோராயமா 1,080. வயர் கட்டற இடம் நடுவிலிருந்து 1.2 மீட்டர்னா, 1,080ஐ 1.2ஆல வகுக்க 900 கிலோ. அலை அடி, வயர் களைப்பு எல்லாத்துக்கும் சேர்த்து மூணு மடங்கு வைங்க: 2,700. 6 மில்லி ஸ்டெயின்லெஸ் வயர் அந்த அளவு தாங்கும். சாய்வு இன்னும் குறைவா வந்தா வயரும் தடிக்கணும்.

இரும்புப் படகுல இதை அளக்காம விடக் கூடாது. 3 மில்லிக்குக் கீழ தகடு போட்டா வெல்டிங்ல நெளியும், துருவுக்கும் தாங்காது. அதனால சின்னப் படகு கனமாயிடும், அதுலயும் டெக்கும் பக்கச் சுவரும் மேல ஏறின கனம். உச்சியில ஒவ்வொரு கிலோவும் படகைக் கவிழ்க்கப் பார்க்கும். என் தேர்வு: ஒத்தை மரம், அலுமினியம், கொஞ்சம் குட்டை, அணியத்துக்கும் மரத்துக்கும் நடுவுல தேவைப்படும்போது மாட்டிக்கிற ஒரு உள் ஸ்டே, அதுல சின்னப் புயல் பாய்.

அதுக்கு முன்னாடி பழைய தடயத்தைத் தேடணும் அண்ணே. டெக்குல மரம் நின்ன இடத்துக்குக் கீழ வலுவூட்டல் இருக்கும், ஓரத்துல வயர் பிடிச்ச வெல்டிங் தழும்பு இருக்கும். மரத்தை அங்கேயே நடுங்க. ஒரு அடி பின்னாடி நகர்ந்தா படகு காத்துப் பக்கமே திரும்பப் பார்க்கும், முன்னாடி நகர்ந்தா காத்தை விட்டு விலகப் பார்க்கும், எப்படியும் சுக்கானோட நாள் பூரா மல்லுக்கட்டணும்.

அலுமினிய மரம் இரும்பு டெக்கைத் தொடக் கூடாது. நடுவுல தடிமனான பிளாஸ்டிக் தகடு வைக்கலைன்னா, உப்புத் தண்ணியில அலுமினியம் அரிச்சுப் போயிடும். வயர் பிடிக்கிற தகட்டை மட்டும் நேரா உடம்போட வெல்ட் பண்ணலாம். ஃபைபர் படகுக்காரங்களுக்கு இந்த வசதி கிடையாது, அவங்க போல்ட் ஓட்டை வழியா ஒழுகலோட மாரடிக்கணும்.

நம்ம ஊர் தோலுக்கும் வேலை இருக்கு. துடுப்பு உரசற இடம், மரத்துல கயிறு தேயற இடம் எல்லாத்துக்கும் தோல்தான் சுத்துவாங்க. குரோம் தோல் நனைஞ்சு காய்ஞ்சாலும் மெத்துன்னு இருக்கும். பட்டை போட்டுப் பதப்படுத்தினது கொழுப்புப் பூசலைன்னா விறைச்சுக்கும். ஆனா வயர் மேல மட்டும் எந்தத் தோலையும் சுத்தாதீங்க. உள்ளே உப்பு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், வயர் மறைவுலயே அரிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது.