பஞ்சுக்கு உண்டு காவல், நெஞ்சுக்கு?

ராஜபாளையம் நூற்பாலைகளில் பஞ்சு இருக்கிற பக்கம் யாரும் பீடி பற்ற வைக்கத் துணிவதில்லை. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அதே தொழிலாளி ஷிப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் ஊதும் புகை அவர் நெஞ்சுக்குள்தான் போகிறது. அது ஏற்கெனவே பஞ்சுத் தூசி படிந்த நுரையீரல். புகையும் சேர்ந்துகொண்டால் இருமலும் மூச்சிரைப்பும் முற்றும். அங்கே தடுக்க ஆள் இல்லை.

சட்டம் இருக்கிறது. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2003-இல் மத்தியச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகளும் வந்தன. மருத்துவமனை, தியேட்டர், ஓட்டல், அலுவலகம், பள்ளி, நூலகம், பஸ் எல்லாம் இதில் அடக்கம். ராஜபாளையம் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வழக்குக்காக அங்கே வந்து காத்திருக்கும் மக்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நீதிமன்றக் கட்டடங்களைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் திறந்தவெளிதானே என்று வாதாட முடியாது. அவற்றையும் 2008 விதிகள் தடைக்குள் கொண்டுவந்துவிட்டன.

பலருக்குத் தெரியாத விஷயம், பொறுப்பு புகைப்பவரோடு முடிவதில்லை என்பது. அந்த இடத்தின் உரிமையாளரோ மேலாளரோ, வாசலிலும் ஒவ்வொரு மாடியிலும் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்று அதில் பெயர் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் உள்ளே தரக்கூடாது. கடையில் நூல் கட்டித் தொங்கவிடும் லைட்டருக்கும் இது பொருந்தும். புகார் சொல்லியும் அவர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் அவர் தலையில் விழும். 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய உணவகம் புகைப்பதற்குத் தனி அறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலு பக்கமும் சுவர் எழுப்பி, புகை மற்ற பகுதிகளில் கலக்காதபடி அமைக்க வேண்டும். மூலையில் ஒரு மேசையை ஒதுக்கினால் அது தனி அறை ஆகாது.

ஆகவே, புகைப்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் நகராட்சி சுகாதார ஆய்வாளரிடமோ காவல் உதவி ஆய்வாளரிடமோ சொல்லலாம். ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டருக்கும், பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் அபராதம் போட அதிகாரம் உண்டு. அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய், அதற்கு ரசீது உண்டு. 2003-இல் வைத்த அந்தத் தொகை இன்று யாரையும் அச்சுறுத்தாது என்பது உண்மைதான். ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப்பேர் வெளியே போய்விடுவார்கள் என்று நம்புகிறேன்.

பீடியை விட நினைத்தும் முடியாமல் தவிப்பவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள்.

பொது இடத்தில் புகைப்பது பற்றிப் புகார் சொல்லியும் எதுவும் நடக்காவிட்டால், முதல்வரின் உதவி மையம் 1100-லும், திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. கடந்த ஓராண்டில் பொது இடத்தில் புகைத்ததற்காக எத்தனை பேரிடம் அபராதம் வசூலித்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் நகராட்சியைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.